ஏழாவது எழுத்து

காரைக்குடி, கல்லுக்கட்டியில்
மாடிப்படிக்குக் கீழே என் டிடிபி கடை.
பெயர்களை அடித்துப் பிழைக்கிறேன்.
இந்த ஊர்ப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் குட்டையாக இருக்கும்,
விலாசம் நீளம்.
பழ. கரு. வெ. ஏகப்பன்.
பானா ழானா கானா ரூனா வேனா.
மூன்று தலைமுறையை மூன்று புள்ளிக்குள் மடித்திருக்கிறார்கள்.
பழனியப்பன், கருப்பையா, வெங்கடாசலம் என்று
யாரும் தப்பாக விரிப்பதில்லை.
அட்டவணை ஊருக்கே மனப்பாடம்.

பெண் பெயர் ஆமெலி.
நாந்த் நகரத்திலிருந்து மின்னஞ்சலில் வந்தது.
அங்கே அடித்தது ஆறு எழுத்து.
என் பழைய கம்ப்யூட்டரில் ஏழாகத் திறந்தது.
நடுவில், தலைமேல் அலை அடிக்கிற ஒரு ஏ,
பக்கத்தில் வட்டத்துக்குள் குந்திய ஒரு சி.
ஃபிரெஞ்சுக்காரர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் போல
என்று நினைத்துக்கொண்டேன்.
வெங்கடாசலம் மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்தும் போட்டார்.
எண்ணூறு பிரதி.
நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கட்டியாயிற்று.

ஸ்கூட்டரில் அவளே வந்தாள்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல் அட்டையை நீட்டினாள்.
"இந்த வட்டத்துக்குள் சி, காப்புரிமைக் குறி அக்கா.
என்னை யார், எப்போ பதிவு பண்ணிக்கிட்டாங்க?"
பின்னால் நின்ற ஏகப்பனுக்குக் காது சிவந்துவிட்டது.
சிரித்தது அவள் மட்டும்தான்.

பில் புத்தகத்தின் முதுகில் அவன் எழுதிக் காட்டினான்:
நூற்றுத் தொண்ணூற்றைந்து, நூற்றறுபத்தொன்பது.
"ரெண்டு எண்ணும் சேர்ந்து ஒரே எழுத்து.
உங்க மெஷின் தலைக்கு ஒரு இலை போட்டிருச்சு."

ஆதியில் நூற்றிருபத்தெட்டு இலைதானாம்.
ஆங்கிலம் உட்கார்ந்ததும் பந்தி நிறைந்தது.
தொப்பி வைத்தவை, வால் உள்ளவை, கீற்று இட்டவை
வாசலில் நின்றன.
அப்புறம் இன்னொரு நூற்றிருபத்தெட்டு போட்டார்கள்.
அதில் ஒரே இலைக்கு
தேசத்துக்கு ஒருவர் சொந்தம் கொண்டாடினார்கள்.
கடைசியில்தான் ஒருவருக்கு
இரண்டு இலை, மூன்று இலை கொடுக்கலாம் என்று வந்ததாம்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.
தொண்ணூற்றெட்டில் நான் அடித்த ஃபைலை
பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.
அம்மா என்பது
எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்.
அத்தனை வருடம் அவர்கள் இலையில்தான் சாப்பிட்டோம்.
அந்த அரைப்புள்ளி
மகரத்தின் தலையிலிருந்து நழுவி விழுந்த புள்ளி.

வெங்கடாசலத்துக்குப் போன் போட்டோம். வந்தார்.
"அந்தக் கீற்றை எடுத்துட்டு வெறும் ஈ போட்டிரும்மா.
யாரு பார்க்கப் போறா?"
ஆமெலிக்கு அந்தத் தமிழ் புரிந்தது.
ஹெல்மெட்டை இப்போதுதான் கழற்றினாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மகன் பெயரைப் புள்ளி இல்லாமல் அடித்து
ஒரு தாள் எடுத்துக் கொடுத்தேன்.
ஏகபபன.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
எழுத்துக் கூட்டிப் படித்தார்,
வாய்க்குள் இன்னொரு தடவை படித்தார்.
"மறுபடி அடிக்க எவ்வளவு?"
"கூலி வேண்டாம். தாள் உங்களோடது."
தாள் விலையிலும் பாதிதான் தருவேன் என்றார்.
தந்ததும் பாதிதான்.

அன்று ராத்திரி உள்தாள் மட்டும் எண்ணூறு ஓடியது.
முதல் நூறு வரைக்கும்
ஒவ்வொன்றிலும் அந்தக் கீற்றைப் பார்த்தேன்,
தூசியா எழுத்தா என்று விரலால் தேய்த்தும் பார்த்தேன்.
போகவில்லை.

ஐப்பசியில் ஒரு வாட்ஸ்அப்.
கேஸ் இணைப்புப் புத்தகத்தின் முதல் பக்கம்.
ஏ, எம், பிறகு ஒரு வெற்றுக் கட்டம், எல், ஐ, ஈ.
கீழே அவள் தங்கிலீஷில் எழுதியிருந்தாள்:
"இந்த ஊர்ல எனக்கும் ஒரு பூட்டின வீடு கிடைச்சிருச்சு அக்கா.
உள்ளேதான் இருக்கேன்.
சாவி கேஸ் ஆபீஸ்ல இல்லையாம்."